கனரக டீசல் லாரி, ட்ரெய்லர் மெக்கானிக் ஆவதற்கான பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது, எதை எந்த வரிசையில் கற்பது

டீசல் லாரி மெக்கானிக் வேலையைக் கற்க வருபவர்களில் பெரும்பாலானோரின் கண் எஞ்சின் மீதுதான் இருக்கும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதும் பிஸ்டன் மாற்றுவதும் டர்போவைப் பிரித்துப் பார்ப்பதும்தான் தொழில் என்று நினைத்து வருபவரிடம், முதல் சில மாதங்களுக்கு ட்ரெய்லரின் அடியில் படுத்து பிரேக்கை அளந்து பாருங்கள், சக்கரத்தின் மையமான ஹப்பைக் கழற்றி பேரிங்கைச் சுத்தம் செய்து சோதியுங்கள் என்று சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆயினும் இந்தத் தொழிலைக் கற்பதற்கு அந்த வரிசையே சரியானது என்பது என் கருத்து. ட்ரெய்லரில் எஞ்சின் இல்லை. ஆனால் ஒரு கனரக வாகனம் நிற்பதற்கும், நேராக ஓடுவதற்கும், சக்கரம் கழன்று போகாமல் இருப்பதற்கும் வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. அளந்து பார்த்து முடிவு செய்யும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. அந்தப் பழக்கம் இல்லாமல் எஞ்சினுக்குப் போகிறவர், பழுதைக் கண்டுபிடிப்பவராக வளராமல், பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவராகவே நின்றுவிடுகிறார்.

சேர்வதற்கு முன்

பள்ளிக் கணிதத்தில் பின்னம், தசமம், விகிதம், அலகு மாற்றம் ஆகிய நான்கும் கைவசம் இருக்க வேண்டும். அங்குலமும் மில்லிமீட்டரும், பி.எஸ்.ஐ.யும் பாரும், பவுண்டு-அடியும் நியூட்டன் மீட்டரும் ஒரே பட்டறையில் கலந்து புழங்கும் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தயங்காமல் மாற்றத் தெரியாதவர் விரைவிலேயே தவறான அளவுக்கு எதையாவது இறுக்கிவிடுவார். இயற்பியலில் அழுத்தம், விசை, வெப்பம், மின்னோட்டம் ஆகியவற்றின் அடிப்படை போதும். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, நீளமான தொழில்நுட்பக் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கும் திறனை. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ பிற ஐரோப்பிய மொழிகளிலோதான் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பக்கத்தைப் படித்து, அதில் சொன்ன வரிசையில் சொன்னபடி செய்ய முடிந்தால் போதும், மொழிப்புலமை வேண்டியதில்லை.

உடல் உழைப்பும் உண்டு. லாரியின் ஒரு டயரும் ரிம்மும் சேர்ந்து சாதாரண மனிதர் தூக்கக்கூடிய எடையைத் தாண்டிவிடும். எனவே பலத்தைவிட, தூக்கும் கருவிகளைச் சரியாகப் பயன்படுத்தும் அறிவே முதுகைக் காப்பாற்றும். கனரக வாகன ஓட்டுநர் உரிமமும் வைத்திருப்பது பெரிய அனுகூலம். பழுது நீக்கிய வண்டியைத் தானே ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் மெக்கானிக்குக் கிடைக்கும் தகவல், ஓட்டுநரின் சொல்லை மட்டும் நம்பி வேலை செய்பவருக்குக் கிடைப்பதில்லை.

பயிற்சிக்கான வழிகள்

முறையாகக் கற்க இதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் முழுநேரமாகப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போவது. மற்றொன்று, பட்டறையில் ஊதியம் பெறும் பயிலுநராகச் சேர்ந்து, இடையிடையே வகுப்புக்குப் போவது. இந்தியாவில் ஐ.டி.ஐ. நிலையங்கள் நடத்தும் ‘மெக்கானிக் டீசல்’ ஓராண்டுப் படிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. ஜெர்மனியில் வணிக வாகனங்களுக்கான மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த) பயிற்சி மூன்றரை ஆண்டுகள், பட்டறையும் பள்ளியும் மாறி மாறி வரும் இரட்டை முறையில் நடக்கிறது. கனடாவில் லாரி மெக்கானிக்குக்கும் ட்ரெய்லர் தொழில்நுட்பருக்கும் தனித்தனியே ‘ரெட் சீல்’ எனும் நாடு தழுவிய தொழில் தகுதி உண்டு. அமெரிக்காவில் மெக்கானிக்குகளுக்குச் சான்றளிக்கும் ஏ.எஸ்.இ. அமைப்பு டீசல் எஞ்சின், டிரைவ் டிரெய்ன், பிரேக், சஸ்பென்ஷன், மின்னமைப்பு என்று பிரிவு வாரியாகத் தேர்வு வைக்கிறது; தேர்ச்சியோடு பணி அனுபவமும் காட்ட வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். அமெரிக்கச் சான்றிதழ் தன் விருப்பத்தின் பேரில் பெறுவது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் உரிமமோ பயிலுநர் பதிவோ இல்லாமல் லாரியில் கைவைப்பதே சட்டப்படி கூடாது. வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருப்பவர் இந்த வேறுபாட்டைப் படிப்பில் சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

எந்த வழியில் போனாலும், சேரப்போகும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சி நிலையமாக இருந்தால், அங்குள்ள எஞ்சின்கள் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை, காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் தரும்) எஞ்சின் ஒன்றாவது ஓடும் நிலையில் இருக்கிறதா, ஏர் பிரேக் அமைப்பைப் பலகையில் பொருத்திக் காட்டும் மாதிரி இருக்கிறதா, ஸ்கேன் கருவி பூட்டிய அலமாரியில் இருக்கிறதா அல்லது மாணவர் கையில் புழங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பயிலுநர் முதல் ஆண்டில் என்னென்ன வேலை செய்வார்? எண்ணெய் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, கூட்டிப் பெருக்குவது என்பதோடு பதில் முடிந்துவிட்டால் அது பயிற்சி ஆகாது. பல வாகனங்களைச் சொந்தமாக வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனத்தின் பட்டறை, கற்பவருக்குப் பெரும்பாலும் நல்ல இடம். பழுது நீக்கிய அதே வண்டி மீண்டும் மீண்டும் திரும்பி வருவதால், செய்த வேலை நின்றதா இல்லையா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதல் நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஆபத்துகள்

கனரக வாகனப் பட்டறையில் உயிரைப் பறிப்பவை சிலவே, ஆனால் அவை எச்சரிக்கை கொடுப்பதில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எடைக்கேற்ற ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஒரு குழாய் கழன்றால் சேசிஸ் நொடியில் கீழே இறங்கிவிடும் என்பதால், சேசிஸுக்கே தனியாகத் தாங்கல் கொடுக்க வேண்டும். முன்புறம் கவிழும் கேபினும் டிப்பரின் தொட்டியும் அப்படித்தான்: ஹைட்ராலிக்கை நம்பி அதன் அடியில் தலையை விடக்கூடாது.

பார்க்கிங் பிரேக் சேம்பருக்குள் (பிரேக்கை இயக்கும் உருளைக் கூடு) அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் ஒரு மனிதரைக் கொல்லும் அளவுக்கு விசை கொண்டது. அதைப் பட்டறையில் திறக்கக்கூடாது. கழற்றுவதற்கு முன் அதற்குரிய நீள போல்ட்டைச் செருகி ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டிவிட்டு, சேம்பரை முழுதாக மாற்ற வேண்டும். தூக்கிப் போடும் பழைய சேம்பரைக்கூட இப்படிப் பூட்டாமல் குப்பைக்கு அனுப்பக்கூடாது. டீசல் கசிவைக் கையால் தடவித் தேடும் பழக்கம் பழைய பட்டறைகளிலிருந்து வந்தது; இன்றைய காமன் ரெயில் அமைப்பில் 2,000 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியே பீறிடும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்தோடு உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும், எஞ்சினை நிறுத்தி அழுத்தம் இறங்கிய பிறகே குழாயைத் தொட வேண்டும்.

டயருக்குக் காற்றடிக்கும்போது கூண்டுக்குள் வைத்து, தூரத்தில் நின்று, தானாகப் பிடித்துக்கொள்ளும் முனையைக் கொண்டு அடிக்க வேண்டும். காற்று வெகுவாகக் குறைந்த நிலையில் ஓடிய டயரை அப்படியே நிரப்பாமல் கழற்றி உள்புறம் பார்க்க வேண்டும். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என 2012ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் சேர்த்தது. மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டும்போது புகைபோக்கிக் குழாயைப் பொருத்துவது மெத்தனமாக விட்டுவிடக்கூடிய வேலை அல்ல.

ட்ரெய்லரில் தொடங்குதல்: ஏர் பிரேக்

ஏர் பிரேக்கின் அமைப்பைப் படம் பார்க்காமல் ஒரு தாளில் வரையத் தெரியும்வரை மற்ற பாடத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வேன். கம்ப்ரஸர், கவர்னர், டிரையர், டேங்குகள், கால் வால்வு, ரிலே வால்வு, சேம்பர், ஸ்லாக் அட்ஜஸ்டர் (தேய்மானத்துக்கேற்ப இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோல்), எஸ்-கேம் (திரும்பி ஷூவை விரிக்கும் எஸ் வடிவ முனை), ஷூ, டிரம் என்று காற்று போகும் வழியையும் விசை போகும் வழியையும் வரைய வேண்டும். சேவை பிரேக் காற்றால் பிடிக்கிறது. பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிக்கிறது, காற்றால் விடுகிறது. இந்த ஒரு வாக்கியம் மனத்தில் படிந்துவிட்டால், காற்று முழுதும் போனால் வண்டி ஏன் தானாக நிற்கிறது, டேங்கில் காற்று ஏறும்வரை ட்ரெய்லர் ஏன் நகர மறுக்கிறது என்பன போன்ற கேள்விகள் தாமே அவிழ்ந்துவிடும்.

அடுத்து எண். ‘30’ வகை சேம்பர் என்றால் அதன் டயாஃப்ரத்தின் பயன்தரும் பரப்பு 30 சதுர அங்குலம். அதில் 100 பி.எஸ்.ஐ. காற்று ஏறினால் தள்ளுதண்டில் கிடைக்கும் விசை 3,000 பவுண்டு, ஏறக்குறைய 1,360 கிலோ எடைக்குச் சமம். ஆனால் தண்டு தன் பயணத்தின் கடைசிப் பகுதியை நெருங்கும்போது அந்த விசை சட்டென்று சரிந்துவிடுகிறது. அதனால்தான் தண்டின் பயணத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: வட அமெரிக்க விதிப்படி சாதாரண ‘30’ வகைக்கு அந்த வரம்பு 2 அங்குலம், நீளப் பயண வகைக்கு இரண்டரை அங்குலம். வரம்பைத் தாண்டிய பிரேக், மெதுவாக ஓட்டும்போது நன்றாகப் பிடிப்பதுபோலவே தெரியும். பாரம் ஏற்றி, இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்த பிறகுதான் அது இல்லை என்பது தெரியவரும்.

அளக்கும் முறையை மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கையால் செய்து பழக வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, டேங்கில் 90 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்று இருக்கும்படி செய்து, எஞ்சினை நிறுத்துகிறோம். சேம்பரின் முகத்தை ஒட்டித் தள்ளுதண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. கேபினில் இருப்பவர் பிரேக் மிதியை முழுதாக அழுத்திப் பிடித்திருக்க, கோடு சேம்பர் முகத்திலிருந்து எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்பதை அளவுகோலால் அளந்து, அந்தச் சக்கரத்தின் பெயரோடு எழுதிக்கொள்கிறோம். எல்லாச் சக்கரங்களுக்கும் இதையே செய்து, ஒரே அச்சின் இடது, வலது எண்களை ஒப்பிட வேண்டும். இரண்டும் வரம்புக்குள் இருந்தாலும் வேறுபாடு அதிகமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடும்.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் பொருத்திய சக்கரத்தில் பயணம் வரம்பைத் தாண்டியிருந்தால், ஸ்பேனரைப் போட்டுத் திருகிச் சரிசெய்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்யக்கூடாது. தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய கருவி அதைச் செய்யவில்லை என்பதுதான் அங்கே பழுது. எஸ்-கேம் புஷ் தேய்ந்திருக்கலாம், கிளெவிஸ் பின் ஓட்டை பெரிதாகியிருக்கலாம், பொருத்திய கோணம் தவறாக இருக்கலாம், டிரம் தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்டரே போயிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திருகிவிட்டால், சோதனை அன்று எண் சரியாக இருக்கும்; சில நாட்களில் பழையபடியே ஆகிவிடும்.

கசிவுச் சோதனையும் எண்ணால் ஆனதே. லாரியும் ட்ரெய்லரும் இணைந்த நிலையில், எஞ்சினை நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தால், முதல் இறக்கத்துக்குப் பின் ஒரு நிமிடத்தில் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையக்கூடாது என்பது அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் உள்ள அளவு. தனி வண்டிக்கு 3. அதைத் தாண்டினால் சோப்பு நீரை எடுத்துக்கொண்டு குழாய் வழியே போக வேண்டியதுதான். கசிவு மிதியை அழுத்தும்போது மட்டும் வருகிறதா, எப்போதும் வருகிறதா என்பதை முதலில் பிரித்தறிந்தால் தேடும் இடம் பாதியாகக் குறையும்.

ஹப், பேரிங், சக்கர நட்

ஓடும் வண்டியிலிருந்து கழன்று உருளும் சக்கரம் சாலையில் போகும் வேறு யாரையோ கொல்கிறது. எனவே சக்கர முனை வேலையில் “கைக்குத் தெரியும்” என்ற பேச்சுக்கு இடமில்லை. கையால் சரிசெய்யும் வகை ஹப்பில், பேரிங்கின் அச்சுவழி ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தலைமுடியின் தடிமனை ஒத்த இந்த ஆட்டத்தைச் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து அறிய முடியாது. டயல் கேஜின் காந்த அடியை ஹப்பில் வைத்து, முனையை ஸ்பிண்டிலின் நுனியில் தொடவைத்து, ஹப்பை உள்ளும் வெளியும் இழுத்துத் தள்ளி முள் நகர்வதைப் படிக்க வேண்டும்.

இறுக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. உள் நட்டை ஹப்பைச் சுழற்றிக்கொண்டே சுமார் 270 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி ரோலர்களை இருக்கையில் அமர வைப்பது, ஒரு முழுச் சுற்று தளர்த்துவது, மறுபடி சுழற்றிக்கொண்டே சுமார் 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது, பிறகு அச்சின் வகைக்கும் மரையின் இடைவெளிக்கும் ஏற்பக் கையேடு சொல்லும் அளவு பின்னுக்குத் திருப்புவது, பூட்டு நட்டை இறுக்குவது, அதன் பிறகே கேஜால் அளப்பது. பூட்டு நட்டை இறுக்கும்போதே ஆட்டம் மாறுவதால் அளப்பதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். முன்கூட்டியே அமைத்து வரும் ஹப்புகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் தனி முறை உண்டு.

சக்கர நட்டை இம்பாக்ட் கன்னால் அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது பரவலான பழக்கம், மோசமான பழக்கமும்கூட. டிரம்மின் முகத்திலும் ரிம்மின் முகத்திலும் துருவோ தடித்த பெயின்ட்டோ இருந்தால், அது ஓட்டத்தில் நசுங்கி இறுக்கம் போய்விடும்; எனவே முதல் வேலை கம்பித் தூரிகையால் தேய்ப்பது. எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, படிப்படியாக, இறுதியில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஹப்பில் அமரும் வகை ரிம்மின் 22 மில்லிமீட்டர் நட்டுக்கு 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரை என்பது வழக்கம். 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும் என்பதை வாகன உரிமையாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

ட்ரெய்லரின் மற்றப் பகுதிகளான கிங்பின், ஃபிஃப்த் வீல் பூட்டு, லேண்டிங் கால், இலை ஸ்பிரிங், சேசிஸ் விரிசல் ஆகியவற்றைப் பார்த்தும் கேஜ் வைத்தும் கற்றுக்கொள்ளலாம். சில மாதங்களில் கண் பழகிவிடும்.

மின்சாரம்

இன்றைய பட்டறையில் மெக்கானிக்குகள் பிரிவது இங்கேதான். ட்ரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை. கழற்றிய சாக்கெட்டில் மல்ட்டிமீட்டரை வைத்தால் முழு வோல்ட்டேஜ் காட்டுகிறது. ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து பல்பை மாற்றினால் அப்போதும் எரியவில்லை. உள்ளே பச்சை பூத்து அரித்துப்போன ஒயரில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், மின்னோட்டம் ஓடாதபோது மீட்டர் முழு வோல்ட்டேஜையே காட்டும். விளக்கை மாட்டி மின்னோட்டம் ஓடவிட்ட நிலையில், ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட்டேஜ் வீழ்ச்சியை அளந்தால்தான் குற்றவாளி அகப்படும். ஸ்டார்ட்டர் கேபிளுக்கும் இதே முறை: கிராங்க் செய்யும்போது பேட்டரி முனைக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வீழ்ச்சி இருந்தால், ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன் கேபிளையும் இணைப்பையும் பார்க்க வேண்டும். பிரேக் அழுத்தும்போது இண்டிகேட்டர் மங்கலாகச் சேர்ந்து எரிந்தால் எர்த் இணைப்பைச் சந்தேகிக்கலாம். வோல்ட்டேஜ் வீழ்ச்சியை மட்டும் ஒருவர் முழுதாகக் கற்றுக்கொண்டால், பாதி மின் பழுதுகளுக்கு அவருக்குப் புதிய பாகமே தேவைப்படாது.

அதற்கடுத்த படி, கட்டுப்பாட்டுக் கணினிகள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர். கனரக வாகனங்களில் இது பெரும்பாலும் ஜே1939 என்ற தரத்தின்படி அமைகிறது. அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை ஒன்று இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்க மின்தடையோ ஒயரோ அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழுதுக் குறியீடுகளும் இரண்டு பகுதியாக வரும்: எஸ்.பி.என். எண் பழுது எந்த உறுப்பில் அல்லது அளவில் என்பதைச் சொல்லும், எஃப்.எம்.ஐ. எண் அதற்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும். எஸ்.பி.என். 100 என்றால் எஞ்சின் எண்ணெய் அழுத்தம். அதோடு எஃப்.எம்.ஐ. 1 வந்தால் அழுத்தமே அபாயகரமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள்; எஞ்சினை ஓட்டக்கூடாது, கையால் பொருத்தும் கேஜை வைத்து உண்மையைச் சோதிக்க வேண்டும். எஃப்.எம்.ஐ. 4 வந்தால் சென்சாரிலோ ஒயரிலோ வோல்ட்டேஜ் குறைவு; தேட வேண்டியது எஞ்சினுக்குள் அல்ல, கனெக்டரில். முதல் எண்ணை மட்டும் பார்த்து சென்சாரை மாற்றும் மெக்கானிக், முதல் வகைப் பழுதில் ஓர் எஞ்சினையே பலி கொடுத்துவிடுவார்.

எஞ்சின்

ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினுக்கும் இன்றையதற்கும் அடிப்படை ஒன்றே: காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சி எரிய வைப்பது. ஆகவே டீசல் எஞ்சின் ஓடவில்லை என்றால் கேட்க வேண்டியவை மூன்றே: காற்று போகிறதா, அது போதிய அளவு அழுத்தப்பட்டுச் சூடாகிறதா, எரிபொருள் சரியான நேரத்தில் சரியான அழுத்தத்தில் வருகிறதா. கரும்புகை காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும். இன்டர்கூலர் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்தாலும் போதும். வெண்புகை எரியாத டீசலாகவோ கூலன்ட்டின் நீராவியாகவோ இருக்கலாம். நீலப்புகை எண்ணெய் எரிவது. ஆனால் புகை வடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளில் கரும்புகை போன்ற அடையாளம் வெளியே வராமல் வடிகட்டிக்குள்ளேயே நின்றுவிடும். வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொண்டால் வடிகட்டியைக் குறை சொல்வதற்கு முன், எஞ்சின் ஏன் இவ்வளவு கரியைத் தருகிறது என்று கேட்க வேண்டும்.

கழிவுப்புகைச் சுத்திகரிப்பை ஒரு தனிப் பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியில் சேரும் கரி, சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிந்து போகிறது; எண்ணெயின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரிவதில்லை, அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். 32.5 சதவீத யூரியாக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது; அந்தத் தொட்டியில் சிறிதளவு டீசலோ சாதாரண நீரோ கலந்தாலும் அமைப்பு கெட்டுவிடக் கூடும். கரைசலின் செறிவைச் சோதித்துப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற அளவி வேண்டும்.

எரிபொருள் அமைப்பைத் திறக்கும்போது சுத்தமே முதல் திறமை. இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளிகள் மிக நுண்ணியவை என்பதால், புதிய ஃபில்டரில் டப்பாவிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழைய வழக்கத்தைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தடை செய்திருக்கிறார்கள். கைப்பம்பால்தான் காற்றை வெளியேற்ற வேண்டும். கழற்றிய குழாய்களுக்கும் துளைகளுக்கும் உடனே மூடி போட வேண்டும்.

வால்வு இடைவெளி அமைப்பது, லைனரின் (சிலிண்டரின் உள்ளுறை) மேல்முனை உயரத்தை அளப்பது, ஹெட் போல்ட்டுகளைக் கோண அளவில் இறுக்குவது போன்றவற்றை எஞ்சினைப் பிரிக்கும் வேலை வரும்போது கையேட்டோடு நின்று கற்கலாம். கூலன்ட்டை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம்: நீர் சூழ்ந்த லைனர்களின் வெளிச்சுவரில் குமிழ்கள் வெடித்து ஊசித் துளைகள் விழுவதைத் தடுப்பது கூலன்ட்டில் உள்ள சேர்மானம்தான், சோதனைத் தாளால் அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கிளட்ச், கியர் பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் ஆகியவற்றில் எடைதான் பெரிய சிக்கல். அவற்றின் இயக்கம் எஞ்சினைவிட எளிதாகப் புரிந்துவிடும்.

எழுதும் பழக்கம்

பழுது என்ன என்று ஓட்டுநர் சொன்னது, கண்டுபிடித்த காரணம், செய்த வேலை என்ற மூன்றையும் ஒவ்வொரு வேலைச் சீட்டிலும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். “பிரேக் சரிசெய்யப்பட்டது” என்று எழுதினால் அதில் தகவல் எதுவும் இல்லை. “ட்ரெய்லரின் இரண்டாம் அச்சு இடது சக்கரத்தில் தண்டுப் பயணம் இரண்டே கால் அங்குலம், எஸ்-கேம் புஷ் தேய்வு, புஷ்ஷும் சீலும் மாற்றப்பட்டன, மறு அளவு ஒன்றரை அங்குலம்” என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து அதே வண்டி வரும்போது அந்தச் சீட்டு உங்களுக்கே பாடம் சொல்லும். விபத்து நடந்து விசாரணை வந்தால் உங்களைக் காப்பதும் அந்த எண்களே. ஓட்டுநரிடம் கேட்கும்போது எப்போது, எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிர்ந்த நிலையிலா, பாரத்தோடா காலியாகவா என்று கேட்க வேண்டும். பழுது என்ன என்று அவரே தீர்ப்பு சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

கருவிகள்

பயிலுநராக இருக்கும்போதே பெரிய கருவிப் பெட்டியைக் கடன் வாங்கி வாங்குவது பலரும் செய்யும் அவசரம். அரை அங்குல சாக்கெட் தொகுதி, ஸ்பேனர்கள், சுத்தியல், நல்ல கைவிளக்கு, அளவுகோல், ஃபீலர் கேஜ் ஆகியவற்றோடு தொடங்கலாம். ஒரு பொருளை மட்டும் தரம் பார்த்து, விலை பாராமல் வாங்குங்கள் என்றால் நான் மல்ட்டிமீட்டரைச் சொல்வேன். முக்கால் அங்குலம், ஒரு அங்குலச் சாக்கெட்டுகள், பெரிய டார்க் ரெஞ்சு, டயல் கேஜ், ஸ்கேன் கருவி போன்றவற்றைப் பெரும்பாலான பட்டறைகள் பொதுவாக வைத்திருக்கும். ஒரே கருவியை மூன்றாம் முறை கடன் கேட்க நேர்ந்தால் அதைச் சொந்தமாக வாங்கும் நேரம் வந்துவிட்டது.

தேர்வும் அதன் பிறகும்

சான்றிதழ்த் தேர்வுகளில் வரும் கேள்விகளில் பல, இரண்டு மெக்கானிக்குகள் ஒரு பழுதுக்கு இரண்டு காரணம் சொல்வதுபோல அமைந்திருக்கும். எது சரி என்பதைச் சொல்ல வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. பிரேக், மின்சாரம், எஞ்சின் ஆகிய மூன்றிலும் நீங்களே அளந்து எழுதிய வேலைச் சீட்டுகளைத் திரும்பப் படிப்பது, வினாவங்கியைவிடப் பயனுள்ள தயாரிப்பு.

தகுதி பெற்ற பின் தனித்துறை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குளிர்பதன ட்ரெய்லர்களில் வேலை செய்ய, பல நாடுகளில் குளிரூட்டும் வாயுவைக் கையாளத் தனி உரிமம் வேண்டும். எரிபொருள் ஏற்றும் டேங்கர்களில் தீப்பொறி எழும் எந்த வேலைக்கும் முன் தொட்டியைச் சுத்தம் செய்து வாயு இல்லை என்று சோதித்துச் சான்று பெற வேண்டும். வெல்டிங் செய்பவர் பேட்டரியையும் கட்டுப்பாட்டுக் கணினிகளையும் துண்டித்து, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்தின் அருகிலேயே பொருத்த வேண்டும். மின்சார லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. ஆரஞ்சு நிறக் கேபிளில் பல நூறு வோல்ட் இருக்கும் என்பதால், உயர் அழுத்த மின்சாரத்துக்கான தனிப் பயிற்சியும் அனுமதியும் பெறாமல் அவற்றைத் தொடக்கூடாது. அந்த லாரிகளிலும் ஏர் பிரேக், ஹப், சக்கர நட், சஸ்பென்ஷன், ட்ரெய்லர் ஒயரிங் ஆகியவை இருப்பதால், ட்ரெய்லரின் அடியில் கற்றவருக்கு அங்கே புதிதாகக் கற்க வேண்டியது பேட்டரியும் மோட்டாரும் சார்ந்த பகுதி மட்டுமே.